தாழ்வாரத்தில் நடந்தவர்

கெர்ட்ரூடுக்கு அந்த வருஷம் எல்லாமே அலுத்துப்போயிருந்தது. முழங்கால் வலி ஒரு பக்கம். ஓய்வு பெற இன்னும் காலம் கிடக்கிறதே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். இதற்கு நடுவில், ஈப்போ ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் தமிழில் விளக்கத் தெரிந்த ஒரே தாதி என்ற பெருமை வேறு. பெருமை என்ன பெருமை, தமிழ் நோயாளிகள் எல்லாரையும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி, கால் இரத்தக் குழாய் அடைப்பைப் பற்றியது. காலுக்குப் போகிற குழாய் உள்ளே கொழுப்புப் படிந்து சுருங்கிவிட்டால், கொஞ்ச தூரம் நடந்ததுமே கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். முற்றிப்போனால் கால் கறுத்துவிடும், வெட்டத்தான் வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கெர்ட்ரூடுக்கும் தெரியாது, டாக்டர் தனேஸ்வரனுக்கும் தெரியாது. நடக்கவிட்டுப் பார்ப்பதுதான் வழி. சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் வந்து அந்த நீளமான தாழ்வாரத்தில் போய்த் திரும்பி நடப்பார்கள். கெர்ட்ரூட் கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நடப்பாள். வலி வந்ததும் சொல்ல வேண்டும், தாங்க முடியாதபோது நிற்க வேண்டும்.

ஒரு விதியும் இருந்தது. நடை குறைந்துகொண்டே வந்தால் அந்த ஆளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு, உடனே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அவர் குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறப்பார். காலைக் காப்பாற்றுவதற்காகவே வைத்த விதி அது. முதல் நாளே கெர்ட்ரூட் ஒவ்வொருவருக்கும் அதைத் தமிழில் படித்துக் காட்டுவாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். இத்தனை பேருக்குப் படித்துப் படித்து, கடைசியில் அது ஜெபமாலை சொல்வதுபோல் அவள் வாயிலிருந்து தானாக வர ஆரம்பித்திருந்தது.

தலையாட்டியவர்களில் சன்னாசியும் ஒருவர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு ஈப்போவுக்கு வந்து, அடுக்குமாடி ஒன்றில் ஜாகா வேலை பார்த்தார். காவலாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஜாகா என்றுதான் சொல்ல வேண்டும். இளவயதிலிருந்து புகைத்த சிகரெட், இடது காலில் வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் தாழ்வாரத்தில் அவர் நடப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியாது. முதல் தடவையைவிட அடுத்த தடவை அதிகம் நடந்தார். அதற்கடுத்த தடவை இன்னும் கூட. நடக்கும்போது வாய் ஓயாது. காம்பாரில் மகள் வீட்டு நாய் குட்டி போட்டது, மேல்மாடிச் சீனன் தினமும் சாவியைத் தொலைப்பது என்று பேசிக்கொண்டே போவார். "வலிக்குதாண்ணே?" என்று கேட்டால், "ஒன்னும் இல்ல மிஸி, நடங்க லா" என்று இவளை விரட்டுவார். முடிந்ததும் கழிவறைக்குள் போய்விடுவார். வெளியே வர வெகுநேரமாகும். உள்ளே போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறாரா என்று கெர்ட்ரூட் கிண்டல் செய்திருக்கிறாள்.

டாக்டர் தனேஸ்வரனுக்குச் சன்னாசி என்றால் உயிர். கணுக்காலில் பட்டை கட்டிப் பார்த்தால் இரத்த அழுத்தம் மட்டும் ஏறவில்லை, அப்படியேதான் கிடந்தது. "குழாய் தெறக்காமலே தசை பழகிக்கும் சிஸ்டர். இந்த மருந்து அதத்தான் செய்யணும்" என்றார் டாக்டர். பாவம், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த மேற்பார்வையாளர்களிடம் சன்னாசியின் நடையைத்தான் முதலில் காட்டினார்.

ஒவ்வொரு தடவையும் கெர்ட்ரூட் சன்னாசியின் மனைவி செல்லாயிக்குப் போன் செய்வாள். செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது, நல்ல செய்தி சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது. "அக்கா, இன்னைக்கும் நல்லா நடந்தாரு. எங்களால கூட நடக்க முடியல" என்பாள். செல்லாயி, "அப்படியா மிஸி. சரி சரி" என்று சட்டென்று வைத்துவிடுவாள்.

ஒரு நாள் லகாட் சாலைச் சிக்னல் விளக்கில் கார் நின்றபோதுதான் கெர்ட்ரூட் அவரைப் பார்த்தாள். கடைகளுக்கு முன்னாலிருந்த நடைபாதையில் சன்னாசி சேலைக் கடை கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலடி நடந்து நகைக்கடை முன்னால் நின்றார். அதற்குப் பிறகு நின்ற கடை பூட்டிக் கிடந்தது. இரும்புக் கதவையும் அதே அக்கறையோடு பார்த்தார். இடது காலைத் தரையில் வைக்காமல் நுனியில் தாங்கியிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள், கெர்ட்ரூட் காரை எடுத்தாள்.

தாழ்வாரத்தில் வலியை மறைத்துக்கொண்டுதான் நடக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷ அனுபவத்தில் புரியாமல் என்ன. அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும், கோலாலம்பூருக்கு விளக்கம் எழுத வேண்டும், அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் விடுப்பில் இருந்தார்கள். ஒருவேளை அன்றைக்கு மட்டும் வலித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை வரும்போது நேரிலேயே கேட்டுவிடலாம் என்று விட்டுவிட்டாள். களைத்துப்போன மனசு சாக்குத் தேடுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

அடுத்த தடவை வழக்கம்போல் சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடந்து முடிந்ததும் கழிவறையில் வலி விடக் காத்திருந்ததைப்போல், அப்படி உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுப்பதும் தந்திரம்தான் என்று இப்போது தெரிந்தது. கெர்ட்ரூட் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சன்னாசி அண்ணே, லகாட் ரோட்டுல உங்களப் பாத்தேன். பூட்டுன கடையில என்னாண்ணே பாத்தீங்க?"

சன்னாசி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் சிரிப்பும் நின்றது.

"தோட்டத்துல விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு வரிசையா நிப்போம் மிஸி" என்றார். "கிராணி பேரு கூப்புடுவாரு. எங்கள மேய்க்கிற மண்டோர் லைட் அடிச்சி ஒவ்வொருத்தன் நடையையும் பாப்பாரு. நொண்டுனா அன்னிக்கி வேல இல்ல. மறுபடியும் நொண்டுனா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட அனுப்புவாங்க. அவரு இவன் நடிக்கிறான்னு எழுதிட்டா முடிஞ்சிச்சி, வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அதனால எவனும் நொண்ட மாட்டான். கால்ல ஆணி ஏறிக் கெடந்தாலும் நேரா நடப்பான்."

"இது பெரட்டு இல்லண்ணே."

"பேரு கூப்புடுறீங்க, நடக்கச் சொல்றீங்க, பாத்து எழுதுறீங்க. நடை கொறஞ்சா எடுத்துருவோம்னு மொத நாளே நீங்கதான் சொன்னீங்க. எடுத்துட்டா மருந்து இல்ல. மருந்து இல்லன்னா காலு போயிரும். அது தெரியாத ஆளா நானு?"

கெர்ட்ரூடின் அப்பா லூயிஸ், ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸராக இருந்தவர். வேலைக்கு ஒளிந்து யார் யார் எப்படி நொண்டினார்கள் என்று சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டுவார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள். அந்த நினைப்போடு அவள் சன்னாசியின் இடது காலைப் பார்த்தாள்.

"பரிட்சை உங்களுக்கு இல்லண்ணே, மாத்திரைக்கு" என்றாள். "நீங்க நடக்கலன்னா தோத்தது மாத்திரைதான். உங்களுக்கு அடுத்த வைத்தியம் இருக்கு. எடுக்கிறதே அதுக்குத்தான்."

சன்னாசி பெஞ்சில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னிக்கி இப்படிச் சொல்லலயே மிஸி" என்றார்.

சொல்லியிருந்தாள். எழுத்துப் பிசகாமல் படித்திருந்தாள். அதைச் சொல்லி வாதாடாமல் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று அவர் நிஜமாக நடந்தார். பேசாமல் நடந்தார். தாழ்வாரத்தின் பாதிகூட வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. கெர்ட்ரூட் நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரவைத்து, காலுறையைக் கழற்றினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"கட்டில் கால்ல இடிச்சிக்கிட்டேன். ஆறிடும் லா" என்றார் சன்னாசி.

ஆறுவதற்கு அங்கே இரத்தம் போக வேண்டுமே. டாக்டர் தனேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, "ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருந்துச்சே சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். உடனே போனை எடுத்து நிபுணரைக் கூப்பிட்டார். மருந்து ஏற்றிப் படம் எடுத்ததில், தொடையில் இருந்த அடைப்பு கணுக்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. தொடையோடு நின்றிருந்த காலத்தில் அனுப்பியிருந்தால் பலூன் போட வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் நிபுணர். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அவருக்கும் வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். சில நாட்கள் போராடிப் பார்த்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கெர்ட்ரூட் வார்டுக்குப் போனபோது மத்தியானம். சன்னாசி தூங்கிக்கொண்டிருந்தார். செல்லாயி வெளியே பெஞ்சில், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, சத்தமாகப் பேசாத பெண். கெர்ட்ரூட் பக்கத்தில் உட்கார்ந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் கெர்ட்ரூட் வந்திருந்தாள்.

"ஒங்க மேல கோவம் இல்ல மிஸி" என்றாள் செல்லாயி, கேட்காமலே. "நீங்க என்னா பண்ணுவீங்க."

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும்கா."

செல்லாயி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தூக்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல அவரு சாமான் வாங்க பாசாருக்குக்கூட வர மாட்டாரு. மாடிப்படியில பாதியிலயே உக்காந்துருவாரு. ஒரு தோம்பு தண்ணி தூக்கச் சொன்னா காலப் புடிச்சிக்குவாரு. நீங்க போன் போட்டு நல்லா நடந்தாருன்னு சொல்லுவீங்க. ஆஸ்பத்திரியில அவ்ளோ நடக்குற மனுசன் வீட்டுக்கு வந்தா மட்டும் நடிக்கிறாருன்னு நெனச்சேன். தெனமும் ஏசுனேன். சோம்பேறின்னு சொன்னேன். புள்ளைங்க முன்னாடியே சொன்னேன். ஒரு வார்த்த பதில் பேசல. தலையக் குனிஞ்சிக்கிட்டு எந்திரிச்சி நடப்பாரு."

கெர்ட்ரூடின் கண் கலங்கியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், அழ வேண்டியவள் பக்கத்தில் இருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. வீட்டுல இப்படி இருக்காருன்னு."

"ஆஸ்பத்திரி சொல்றது தப்பா இருக்கும்னு யாரு மிஸி நெனப்பா? கண்ணால பாத்தத விட்டுட்டு உங்க பேச்சத்தான் நம்புனேன்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சன்னாசி புரண்டு படுத்திருக்க வேண்டும். செல்லாயி எழுந்து கதவு வரைக்கும் போனாள். உள்ளே போகாமல் திரும்பி வந்து நின்றாள்.

"முழிச்சிக்கிட்டாரு. நானு இன்னும் அவருகிட்ட ஒன்னும் பேசல" என்றாள். "எப்படிச் சொல்றதுன்னு தெர்ல. நீங்க சொல்லிக் குடுங்க மிஸி. மிஸி எல்லாத்தையும் தமிழ்ல அழகா எடுத்துச் சொல்லுவாங்கன்னு அவருதான் சொல்லுவாரு."

கெர்ட்ரூட் எழுந்து நின்றாள். படித்துக் காட்ட இதற்குத் தாள் எதுவும் கிடையாது, செல்லாயியின் தூக்கை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.