கதவுக்கு வெளியே நின்ற துகள்கள்

சின்னவளுக்குச் செல்கள் என்றால் கொள்ளை ஆசை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் போதும், அவளுக்கு இந்த உலகம் கிடையாது. இருட்டில் நீலமாக மின்னும் உட்கருக்கள் மட்டும்தான். பசி தெரியாது, கூப்பிட்டால் காதில் விழாது. "ஆள் உள்ள போயிட்டா, இனி எப்ப வெளிய வருவாளோ" என்று பக்கத்து மேசைக்காரன் நெட்டை கேலி செய்வான்.

அன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது நுண்துகள்களோடு வளர்ந்த செல்களை. மூட்டுக்குள் மருந்தைச் சுமந்துபோகச் செய்த துகள்கள் அவை. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரம் துகள் தோளோடு தோள் நிற்கும், அத்தனை பொடிசு. மனிதருக்குப் போடுமுன் அவை புற்றுநோயைக் கிளப்பிவிடாது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கான சோதனைகளில் ஒன்று சின்னவளுடையது. துகள் பட்ட செல்லில் உட்கரு உடைந்து, துண்டுகள் குட்டி உருண்டைகளாகப் பக்கத்தில் மிதக்கின்றனவா என்று பார்ப்பாள். உருண்டைகள் பெருகினால் கெட்ட செய்தி.

பெருகவில்லை. தட்டுக்குத் தட்டு பளிச்சென்று இருந்தது.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புரியுமா? அந்தத் துகளுக்காக வீட்டில் அக்கா அல்லவா காத்திருக்கிறாள்! மூட்டுவாதம் வந்து அக்காவின் விரல்கள் மடங்கிக் கிடந்தன. கதவுக் குமிழைத் திருக முடியாது, சாவி பிடிக்க முடியாது. முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் பொத்தான் வைத்த நீலச் சட்டை ஒன்று அவளுக்கு உயிர். அது அலமாரிக் கதவில் தொங்கிக்கொண்டே இருந்தது. போட்டுவிடுகிறேன் என்று யாராவது கிட்டே போனால் எரிந்து விழுவாள். "தொடாத. கை சரியானதும் நானே போட்டுக்குவேன்." மருத்துவமனையில் இந்தத் துகளை முதன்முதலாக ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தவர்களில் முதல் ஆள் அவள்தான்.

"நிஜமாவாடி? சும்மா என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லலையே?"

"சத்தியமா. ஒண்ணுமே இல்ல, அவ்வளவு சுத்தம்."

அக்கா எழுந்துபோய் அந்தச் சட்டையின் கையைப் புறங்கையால் தடவிவிட்டு வந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள் சின்னவள்.

விடுமுறை நாள் வந்தது. மதியத்திலிருந்தே மழை. அக்கா வெளியே போனால் கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். தோளால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். அன்று அக்கா வெளியே போயிருந்தும், சாரல் அடிக்கிறதே என்று சின்னவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தியவள் சோபாவில் சாய்ந்தாள். கண் சொருகியது.

கனவில் ஒரு நீல அறை. சுவரெல்லாம் மெத்தென்று மூச்சு விட்டது. நடுவில் பெரிய நீல உருண்டை ஒன்று தானாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே தங்கப்பொடி பறந்துகொண்டிருந்தது, சுவர் வழியாக மங்கலாகத் தெரிந்தது. உள்ளே ஒரு தூசு இல்லை. என்ன அமைதி, எவ்வளவு சுத்தம், யாருமே வரவில்லை என்று அவள் அந்த நீலத்தில் மிதந்தாள். எங்கிருந்தோ மெத்து மெத்தென்று ஒரு சத்தம். மழைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

விழித்தபோது சத்தம் நின்றிருந்தது. மழையைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தாள். படிக்கட்டில் அக்கா தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ! எப்ப வந்தே?"

"எப்பவோ வந்துட்டேன். மணி அடிக்கல, கரண்ட் இல்ல. முழங்கையால தட்டித் தட்டிப் பார்த்தேன்."

"வீடு அமைதியா இருந்துதா, நீ இன்னும் வரலைன்னு நெனச்சேன்க்கா."

"வந்தேன்டி! உள்ள விடலைன்னா வரலைன்னு அர்த்தமா?"

துண்டை எடுத்து அக்காவின் தலையைத் துவட்டப்போன கை அப்படியே நின்றது. சின்னவளுக்குத் தன் தட்டுகள் நினைவுக்கு வந்தன.

விஷயம் இதுதான். செல் இரண்டாகப் பிரியும்போது, பாதியில் நிறுத்திவைக்க ஒரு மருந்து ஊற்றுவார்கள். நிறுத்தினால்தான் உருண்டைகளை எண்ண முடியும். அதே மருந்து செல்லின் வாயையும் கட்டிவிடும், வெளியில் இருப்பதை விழுங்க விடாது. சாதாரண மருந்துகளுக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை, அவை கரைந்து தாமாக உள்ளே போய்விடும். ஆகவே சோதிக்கும் மருந்தையும் நிறுத்து மருந்தையும் ஒன்றாக ஊற்றியே பழகிய கை அவளுடையது. துகள் கரையாது. செல்தான் விழுங்க வேண்டும். துகளை முதலில் விட்டு, அது உள்ளே போகக் காத்திருந்து, பிறகல்லவா நிறுத்து மருந்தை ஊற்றியிருக்க வேண்டும்! பழக்கத்தில் கை ஊற்றியதா, ஆசையில் மனசு ஊற்றியதா? அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் நெட்டையைக் கூட வைத்துக்கொண்டு பழைய தட்டுகளைப் பார்த்தாள். அவ்வளவு துகளும் செல்லின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி நின்றன. உள்ளே ஒன்றுகூட இல்லை.

"கம்முனு இரேன்," என்றான் நெட்டை மெல்ல. "வேற சோதனையும் இருக்குல்ல, துகள் கெட்டதா இருந்தா அதுல மாட்டட்டும்." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னவள் போய்ச் சொன்னதும் ஆய்வகத் தலைவர் காச்சுமூச்சென்று கத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "முதல்லேர்ந்து செய்ம்மா," என்றார். மருத்துவமனைக்குச் செய்தி போனது, ஊசி தள்ளிப்போனது.

அக்கா அதைவிட மோசம். "உனக்கு என்னடி தெரியும்? காலையில பல் தேய்க்கவே நான் அழறேன். வாய மூடிட்டு இருந்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?" என்றவள் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள்.

இந்த முறை துகள் முதலில் போனது. ஒரு முழு நாள் காத்திருந்த பிறகே நிறுத்து மருந்தை ஊற்றினாள். கடைசியில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். நீலம் எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது, பாவி நீலம். ஒவ்வொரு பெரிய உட்கருவின் பக்கத்திலும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தட்டை நகர்த்தினாள். இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. குட்டி குட்டியாக, நிலவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம்போல. துகள் படாத தட்டில் அப்படி இல்லை. எந்தத் தட்டு எது என்று தெரியாமல் நெட்டையும் எண்ணிப் பார்த்தான். அதே கணக்குத்தான். சின்னவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போனா உடைக்குதா?"

"உடைக்குதுக்கா."

"முதல் ஊசி எனக்குத்தானே போட்டிருப்பாங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப வேற எதுவும் இல்லையா?"

"இப்போதைக்கு இல்ல."

அக்கா எழுந்துபோய், அலமாரிக் கதவில் தொங்கிய நீலச் சட்டையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக் கொண்டுவந்து தங்கையின் மடியில் போட்டாள்.

"பொத்தான் போட்டுவிடு," என்றாள்.