பனியன் அளவுக்கு வந்த அம்மா

நான் குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போவதற்கு முந்தின நாள் காலையில் என் வீட்டுக்காரர் பாண்டிராஜுக்கு அம்மை கண்டது. சும்மா காணவில்லை, பனியன் அளவெடுத்துக் கண்டது. கழுத்து வட்டத்துக்கு மேலே ஒரு புள்ளி கிடையாது, கை வெட்டுக்கு வெளியே ஒரு புள்ளி கிடையாது. உள்ளே மட்டும் குங்குமம் தெறித்த மாதிரி சிவப்புச் சிவப்பாக இருந்தது.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கார்த்திகை மழை விழுந்தால் எங்கள் வீட்டு முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சிதான். அதில் பனியனைக் காயப்போடாதீர்கள் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

"அத்தை, இது பூச்சி மயிர் குத்தினது" என்றேன்.

"ஏட்டி, வாயக் கழுவு. ஆத்தா முத்துப் போட்டிருக்கா, பூச்சிங்கா!" என்றார் என் மாமியார் பத்திரகாளி.

"அம்மைன்னா காய்ச்சல் இருக்கணும்லா?"

"குளுந்து வந்திருக்கா."

போனில் தேடி வாசித்துக் காட்டினேன். தோலில் சிவப்புப் புள்ளி வர வேர்க்குரு காரணமாக இருக்கலாம், கொசுக்கடி, மூட்டைப்பூச்சி, கருவாடு ஒத்துக்கொள்ளாமை, பூச்சி மயிர் என்று எதுவும் இருக்கலாம். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாத்தையும் யாரு அனுப்புதா? அவதான அனுப்புதா" என்றார். நான் போனை அணைத்து வைத்தேன்.

வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. அம்மை வீட்டிலிருந்து யாரும் படி இறங்கக் கூடாது என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. எனக்கு அழுகையாக வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மூன்று வருஷமாக அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்த பரீட்சை அது.

அம்மை கண்டவர் கேட்பதெல்லாம் அம்மா கேட்பதாக எங்கள் பக்கம் கணக்கு. வீட்டில் ஒரு குழம்புக்குக்கூட யாரும் அபிப்பிராயம் கேட்காத மனுஷன், மத்தியானத்துக்குள் பழகிக்கொண்டார். அம்மா இளநீர் கேட்டாள். கடலை மிட்டாய் கேட்டாள். அப்புறம் கிரிக்கெட் கேட்டாள். மாமியார் டிவிக்கும் ஒரு கொத்து வேப்பிலை சொருகிப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் தெருவே கூடியிருந்தபோது என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் கைகூப்பினேன். "தாயே, நாளைக்குப் பரீட்சைக்குப் போய்ட்டு வாரேன். உத்தரவு குடு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம். வீட்டுலேயே இருக்கட்டும்" என்றார், குரலைச் சன்னமாக்கி. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூச்சி மயிர் குத்தியதற்கு இவ்வளவு அதிகாரமா?

விடிந்ததும் அந்தப் பனியனைத் தேடி எடுத்தேன். கை, கழுத்து, கன்னம், நெற்றி என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். அரிப்பு உயிரைக் குடித்தது. காபி கொதிப்பதற்குள் முகமே சிவந்துவிட்டது. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன்.

"ஐயோ, ஒரே வீட்டுல ரெண்டு ஆத்தாவா!" என்று மாமியார் அலறினார்.

யார் சொல்வதைக் கேட்பது? பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் மதினி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சோடு நின்றிருந்தது. எனக்கு நெற்றி வரைக்கும் ஏறியிருந்தது.

"இவதான் மூத்தவ" என்று தீர்ப்பானது.

"நான் கோயில்பட்டிக்குப் போகணும். ஒம்பது மணிக்குள்ள போகணும்" என்றேன்.

"போவோம் தாயே. வேற என்ன வேணும்?"

"ஹால் டிக்கெட் வேணும். ரெண்டு பேனா வேணும்."

"நீல மையா, கறுப்பு மையா தாயே?"

"கறுப்பு!" என்று உறுமினேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

மழையில் கரிசல் பாதை களியாகக் கிடந்தது. அம்மா கால் சேற்றில் படலாமா? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். தூக்கியவர்களின் செருப்பெல்லாம் மண்ணோடு போய்விட்டது. பஸ்ஸில் நான் ஏறியதும் முன்சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் ஓடினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று என்னைக் கும்பிட்டார். ஓர் அம்மா இன்னோர் அம்மாவைக் கும்பிடுவதைப் பார்த்து ஊரே மெய்மறந்து நின்றது.

"தாயே" என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எம் பொண்டாட்டிக்கு வேலை கெடைச்சிட்டா, அப்புறமும் அவ இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாளா?"

திட்டுவதற்கு ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மனுஷன் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார். இந்தப் பயத்தையா கூரையைப் பார்த்து மறைத்தார்? எனக்கு வலித்தது. அம்மாவாக இருந்து ஒரு வாக்குச் சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

டிரைவர் வண்டியை எடுத்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு இங்கன வந்து நில்லுங்க" என்றேன்.