பின்பக்கம் நாளைக்கு வரும்

ரத்தினவேலு வாங்கிய கேம்பர் வேனில், முன்பக்கம் இன்று போய்ச் சேர்ந்தால் பின்பக்கம் நாளைக்குத்தான் வந்து சேரும். காங்கேயத்திலிருந்து பக்கத்தில் இருக்கிற ஊதியூருக்குப் போனாலும் ஒரு நாள், கன்னியாகுமரிக்குப் போனாலும் அதே ஒரு நாள். அந்த விஷயத்தில் வண்டி பாரபட்சம் பார்த்ததில்லை.

இதைத் தவிரவும் வண்டியில் குறைகள் இருந்தன. வளைவில் திரும்பினால் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு டம்ளர்கள் உருண்டன. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் கசிந்து பலகை உப்பியது. குடிதண்ணீரில் எப்போதும் பிளாஸ்டிக் வாடை. கக்கூஸ் பெட்டியை யார் காலி செய்வது என்பதைக் கம்பெனிக்காரர்கள் வாங்குகிறவர்களின் மனசாட்சிக்கே விட்டிருந்தார்கள். ரத்தினவேலுவுக்கு எல்லாவற்றையும்விட அலமாரிக் கதவின் மேல்தான் தீராத கோபம். அத்தனை பெரிய தொழிற்சாலையில் ஒரு நல்ல தாழ்ப்பாள் கிடைக்கவில்லையா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கொப்பரைக் களம் வைத்து நடத்தியவர். களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்கிற வரைக்கும் மேகத்தை நம்ப முடியாது. ஒருத்தர் கல்யாணம் காட்சிக்குப் போனால் இன்னொருத்தர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தூறல் விழுந்தால் ஓடிப்போய் தார்ப்பாய் போட வேண்டும். ஒரு தார்ப்பாய் போதும் என்கிற இடத்தில் ரத்தினவேலு இரண்டு போடுவார். அப்படியே வருஷங்கள் போனதில், அவரும் மனைவி துளசிமணியும் சேர்ந்து ஒரு வெளியூருக்குப் போனது கிடையாது. களத்தைக் குத்தகைக்கு விட்ட கையோடு அவர் இந்த வண்டியை வாங்கினார். இனிமேல் எங்கே போனாலும் இரண்டு பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

முதல் பயணம் வால்பாறைக்கு. முன்சீட்டில் உட்கார்ந்தால் துளசிமணிக்குக் குமட்டும், அதனால் பின்னால் ஏறிக் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் ரத்தினவேலு இறங்கி, பனியைப் பார்க்க அவளைக் கூப்பிடலாம் என்று திரும்பினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம் தெரிந்தது.

"பின்பக்கம் வரலீங்களா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"இன்னும் வரலீங்க."

"குளிருமே. உள்ள வந்து உக்காருங்க."

மறுநாள் அதே நேரத்துக்குப் பின்பக்கம் வந்து முன்பக்கத்தோடு மெதுவாக ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து துளசிமணி எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டமுங்களா?" என்றாள். அவள் ஊற்றிக்கொண்டு வந்த ரசம் தூக்குப்போசியில் இன்னும் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாப் பயணங்களும் இப்படியே நடந்தன. பின்பக்கத்தை யார் ஓட்டிவருகிறார்கள் என்று ரத்தினவேலு கேட்டதில்லை. முன்பக்கம் போன தடம் அதற்குத் தெரியாமலா இருக்கும். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "மிச்சம் எப்ப?" என்பார். "நாளைக்குங்க" என்றதும் கையைக் காட்டி விட்டுவிடுவார். பெட்ரோல் கணக்கில்கூட கொஞ்சம் லாபம் இருந்தது.

துளசிமணிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. போகிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாளை அவள் மிச்சம் பிடித்தாள். முகத்தில்கூட ஒரு தெளிச்சி வந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ரத்தினவேலு மட்டும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராத்திரியைச் சீட்டில் மடங்கிப் படுத்துக் கழித்தார். அந்த ராத்திரிகள் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தன. அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் கேட்டால் அலமாரிக் கதவைப் பற்றிச் சொல்லுவார்.

ஒருநாள் தாங்க முடியாமல் தொழிற்சாலைக்கே போனார். சர்வீஸ் பார்க்கிற ஜெபராஜ் என்பவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, கையால் தட்டிப் பார்த்தார்.

"முன்பக்கம் வேற கம்பெனி சார். பின்பக்கம் மட்டும்தான் எங்களோடது. பின்பக்கத்தைப் பொறுத்தவரைக்கும் அது சரியான நாள்லதான் வருது. முன்பக்கம்தான் ஒரு நாள் முந்திப் போகுது."

"அதெப்புடிங்க அப்புடி ஆச்சு?"

ஜெபராஜ் மறைக்கவில்லை. டெலிவரி கொடுக்க வேண்டிய அன்றைக்கு அஷ்டமி. எங்கள் முதலாளி அதையெல்லாம் பார்ப்பார், அதனால் பரஸ்தானம் செய்தோம் என்றார். கெட்ட நாளில் கிளம்பித்தான் தீர வேண்டும் என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு துண்டையோ பையையோ கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. இது ரத்தினவேலுவுக்கும் தெரிந்ததுதான்.

"நீங்க என்னத்த வெச்சீங்க?"

"முன்பக்கத்தை சார். பக்கத்து டயர் கம்பெனி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டோம். பின்பக்கம் மறுநாள்தான் கிளம்பிச்சு. ஒரு துண்டு போதும்னு அப்ப யாரும் சொல்லல."

தொட்டிக் கசிவுக்கு மட்டும் பசை தடவிக் கொடுத்தார். மற்றது உத்தரவாதத்தில் வராது என்றார்.

இந்தச் சமயத்தில்தான் துளசிமணியின் தம்பி மயில்சாமிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மயில்சாமிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. பெண் தேடித் தேடித் தரகர்களே சலித்துப்போய்விட்டார்கள். கடைசியில் தாராபுரத்தில் ஒரு பெண் வீட்டார் சரி என்றார்கள். ஆனியின் கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கிழமை விடிகாலை, தாராபுரத்தில் மண்டபம். தப்பினால் ஆடி வந்துவிடும். அதற்கப்புறம் பெண் வீட்டார் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். மயில்சாமிக்கு இருப்பது ஒரே அக்காள். வியாழக்கிழமை காலையில் காங்கேயத்தில் அவன் வீட்டில் முகூர்த்தக்கால் நடும்போதும் அவள் இருந்தாக வேண்டும். அது முடிந்து கிளம்பினால், பின்பக்கம் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தாராபுரத்துக்கு வரும். அதற்குள் பந்தியே முடிந்திருக்கும்.

பஸ்ஸில் போகலாமே என்று முதலில் நினைத்தார்கள். ஒத்திகை பார்க்க இரண்டு பேரும் தாராபுரம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். இறங்குகிறபோது ரத்தினவேலுவின் பக்கத்தில் யாரும் இல்லை.

"அந்தம்மா நாளைக்கு இதே ட்ரிப்ல வந்துருவாங்க. நீங்க எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

மறுநாள் வந்து இறங்கினாள். வண்டியிலேயே போய்வந்து போய்வந்து அதன் பழக்கம் அவளுக்குத் தொத்திக்கொண்டிருந்தது. உள்ளூரில் நடமாடும்போது ஒன்றுமில்லை. எல்லையைத் தாண்டினால்தான்.

மயில்சாமி அக்காளைப் பார்க்க வந்தான். 

"அக்கா இல்லாம நான் எப்புடி மணையில உக்காருவன், மச்சான்?"

"உன்ற அக்கா வருவா, மாப்ள. நானும் கூடவே வருவன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மண்டபத்துக்குள்ள வருவோம்" என்றார் ரத்தினவேலு. எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் துளசிமணிதான் வழி சொன்னாள். பரஸ்தானத்தால் வந்தது பரஸ்தானத்தால்தானே போகும். பின்பக்கத்துச் சாமான் ஏதாவது ஒன்றை முதல் நாள் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பின்பக்கமும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியதாக ஆகிவிடும். இரண்டு பக்கமும் சமம். புதன்கிழமை காலையில் பின்பக்கத்துத் தலையணையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு சம்பூர்ணத்திடம் கொடுத்தாள். சம்பூர்ணம் அதைப் பூஜையறையில் ஒரு பலகை போட்டு வைத்தாள்.

விஷயம் அதோடு சரியாகப் போயிருக்கும். ஆனால் ரத்தினவேலு இரண்டு தார்ப்பாய் போடுகிறவர். ஒரு தலையணையை நம்பி மச்சினன் கல்யாணத்தை எப்படி விடுவது? அன்றைக்கே, அவளுக்குத் தெரியாமல், பின்பக்கத்திலிருந்து டீ வடிகட்டியை எடுத்து வேட்டியில் செருகிக்கொண்டு போய், எதிர்ச்சாரியில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை முகூர்த்தக்கால் நட்டு முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். துளசிமணி பட்டுச்சேலையில் பின்னால் ஏறினாள். சீர்த்தட்டு, பழக்கூடை, சேலைப்பெட்டி எல்லாம் அவளோடு இருந்தன.

"ஏம்புள்ள, உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டனுங்க. நீங்க பாத்துப் போங்க."

ரத்தினவேலு வண்டியை எடுத்தார். வழியில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. வெயில் அடித்தது. காற்றாலைகள் சுற்றின. ஒரு மணி நேரத்துக்குள் தாராபுரம் வந்துவிட்டது. இந்தத் தடவை வழக்கத்தைவிடச் சுருக்க வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் இரண்டு ஆட்கள் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தர் ஏணியில் நின்று மாப்பிள்ளை பெண் படம் போட்ட பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்தார்கள். உள்ளே நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது.

இரண்டு பரஸ்தானத்தில் பின்பக்கத்துக்கு இரண்டு நாள் வரவாகிவிட்டது. ஒன்று பழைய பாக்கிக்குப் போக, மிச்சம் ஒன்றுக்குப் பின்பக்கம் ஒரு நாள் முந்திப் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை அதற்குள் முடிந்துவிட்டதால் பின்பக்கம் வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டது. முன்பக்கத்துக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமைதான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

புளியமரத்து நிழலில் பின்பக்கம் தனியாக நின்றிருந்தது. அதன் படியில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடியிருந்தது. ரத்தினவேலு இறங்கி அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"இணைச்சீர் ஆச்சா?"

"நல்லபடியா ஆச்சுங்க. தம்பி அழுதுட்டான். தாலி கட்டறப்ப மழத்துளி ரெண்டு விழுந்துது. பொண்ணு வூட்டுக்காரங்க நல்ல சகுனம்னாங்க. காலையிலயே ரெண்டு பேரையும் காங்கேயத்துக்கு அனுப்பி வெச்சாச்சு."

"என்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

துளசிமணி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"கூட்டத்துல யாருக்குங்க தெரியும். நேத்து வந்தப்பவே முன்பக்கம் நாளைக்கு வரும்னு சொன்னேன், சரின்னாங்க."

அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கூறைச்சேலை முனையோடு அவள் மணையில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டார். வடிகட்டியைப் பற்றி அவளிடம் சொன்னார். 

"கூறைச்சேலையப் புடிச்சுட்டு நிக்கறப்ப ஒருக்கா திரும்பிப் பாத்தனுங்க" என்றாள். "ஊரே இருந்துது. நேத்து ராத்திரி இந்த வண்டியில ஒத்தையாப் படுத்திருந்தேன். தூக்கமே வரல. யாராரோ வந்து எங்களோட வந்து படுத்துக்கன்னு கூப்புட்டாங்க, போகல. நீங்க வந்தா என்னையத் தேடுவீங்களேன்னு படுத்திருந்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"போன ஊர்லயெல்லாம் நீங்க இப்புடித்தான் கெடந்தீங்களா?"

"அலமாரிக் கதவு தொறந்துச்சா?" என்றார் அவர்.

"தொறந்துச்சு" என்றாள் துளசிமணி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படியில் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள், அவர் உட்கார்ந்தார்.

கொஞ்சம் பொறுத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"வண்டி இங்கியே நிக்கட்டுமுங்க. ஊருக்கு நடந்தே போயரலாம்."

"அத்தன தூரமா?"

"கையப் புடிச்சுட்டு நடந்தா ஒண்ணாத்தானுங்க போய்ச் சேரோணும்."

முன்பக்கத்தின் சாவியை அவர் மண்டபத்துக் காவல்காரரிடம் கொடுத்தார். பின்பக்கத்தின் சாவியை அவள் கொடுத்தாள். காவல்காரர் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு, இவர்கள் வாசலை நோக்கி நடப்பதைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"காங்கேயம் ரோட்டுக்குங்களா? உங்கள எறக்கி உட்டுட்டுப் போன ரோடு இன்னும் வரலீங்க."

வாசலுக்கு வெளியே ரோடு இருக்க வேண்டிய இடத்தில் சோளக்காடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே விரிப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் நாலைந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு லாரி டிரைவர் கயிற்றுக் கட்டிலைப் போட்டு நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எப்பங்க வரும்?" என்று கேட்டாள் துளசிமணி.

"மூலனூர்கிட்ட வந்துட்டிருக்குதாமா. சுத்திட்டுத்தான் வரும்."

ரத்தினவேலு தோளில் கிடந்த துண்டை உதறி வரப்பில் விரித்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மெதுவா வரட்டுமுங்க" என்று காவல்காரரிடம் சொன்னார்.

துளசிமணி பொட்டலத்தைப் பிரித்து, கல்யாணச் சோற்றில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.