கோந்து டாக்டருக்குப் பசை வேண்டாமாம்

எங்கள் பெரிய சர்ஜனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் வைத்த பெயர் கோந்து டாக்டர். குடலை வெட்டி இணைக்கும்போது தையலை ஏனோதானோவென்று போட்டுவிட்டு, மேலே திசுப் பசையைப் பீச்சிவிடுவார். தையலுக்குப் பலமாம்! ஒழுங்கான தையலுக்கு மேல் பூசினால் கொஞ்சம் உதவலாம். இவருக்குப் பசையேதான் தையல். மேடை மேடையாக ஏறி அதைப் பீற்றிக்கொள்வார். கைதட்டவும் ஆள் இருந்தது.

பஸ் ஓட்டும் ஒருவருக்குப் பெருங்குடலில் கட்டி. துணை சர்ஜனாக நான் நின்றேன். கட்டியை எடுத்து இரு முனைகளையும் இணைத்தார்.

"சார், தையல் தள்ளித் தள்ளி விழுந்திருக்கு. தண்ணி ஊத்தி, உள்ளே காத்து விட்டுப் பாத்துடலாம். ஓட்டை இருந்தா குமிழி வந்துடும்," என்றேன்.

"அதான் பசை போட்டாச்சேம்மா! உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

மேதாவி சொன்னால் மறுபேச்சு ஏது? நாலாம் நாள் தையல் கசிந்தது. வயிறெல்லாம் சீழ். மறுபடி திறந்து, குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் போகப் பை மாட்டி, அந்த மனிதரைப் பிழைக்கவைத்தோம். "அவரு திசு சரியில்லம்மா," என்று டிரைவரின் மனைவியிடம் கோந்து டாக்டர் வாய் கூசாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அந்த மகானுக்கே பெருங்குடலில் கட்டி. கைதட்டிய சிஷ்யகோடிகளை எல்லாம் விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெருக்கமா தைம்மா. காத்து விட்டுப் பாத்துடு. பயமா இருக்கு."

"பசை சார்?"

"ஐயையோ, அந்தக் கண்றாவியெல்லாம் எனக்கு வேணாம்!"

மயக்க மருந்து டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். படுத்துக்கிடப்பவரிடம் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தேன்.

கண் விழித்ததும் முதல் கேள்வி: "குமிழி வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல சார்."

"அப்பாடா! நீ தங்கம்மா."

மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டிரைவர் அண்ணனும் அவர் சம்சாரமும் செக்கப்புக்கு வந்து வெளியில உக்காந்திருக்காங்க. அன்னைக்குக் காத்து விட்டுப் பாக்கலன்னு நீங்களே சொல்லிடுங்க சார். இல்லன்னா நான் சொல்லுவேன்."

பேப்பரை மடித்தார். மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மயக்கம் இன்னும் தெளியலம்மா."

நான் வெளியே போய் அவர்கள் இருவரையும் உள்ளே அழைத்து வந்தேன்.