சமையல்காரி மேல் விழுந்த சந்தேகம்

ஹேமாவதிக்கு அந்தப் பழைய துப்பறியும் நாவலைக் கொடுத்தது, தினமும் மின்சார ரயிலில் கூட வரும் காவ்யா. கொலைகாரன் யாரென்று அவள் வாய் திறக்கவில்லை. அதனால் ஹேமாவதி கதையில் வரும் ஒவ்வொருவராகச் சொல்லி அவள் முகத்தைக் கவனித்தாள்.

"டாக்டரா?"

காவ்யா சிரித்தாள்.

"அண்ணன் மகனா?"

அதற்கும் சிரிப்புதான்.

"சமையல்காரியா?"

காவ்யா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹேமாவதி முடிவு கட்டிவிட்டாள். அதன்பிறகு படிக்கும்போது, கதையில் சமையல்காரி கலந்த காபியைக்கூட நம்பவில்லை. முதலாளியம்மா செத்ததற்கு அவள் அழுதபோது, "நடிக்கிறா" என்று முணுமுணுத்தாள். கடைசியில் பார்த்தால், கொலை செய்தவன் அந்த முதலாளியம்மாவின் அண்ணன் மகன்.

"அப்ப ஏன்டி மூஞ்சைத் திருப்பிக்கினே?"

"இன்னாக்கா, ஆவடி வந்துட்ச்சான்னு பாத்தேன்."

ஹேமாவதி புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. சமையல்காரி அழுத பக்கத்தைத் தேடியெடுத்து, மெதுவாகப் படித்தாள். பாவமாக இருந்தது.