நாலு மணிக் கோச்சி

ஸ்டேசனிலிருந்து அழைப்பு வந்ததும், அதற்குத் தான் "ஓம் சேர், கேற் போடுறன்" என்று பதில் சொன்னதும் ரயில் கேற்காரன் உதயரூபனுக்குப் பிறகும் தெளிவாக நினைவிருந்தது. வேலைக்கென்று கொடுத்திருந்த பழைய போனை மேசையில் வைத்ததும், மற்றக் கையிலிருந்த தன்னுடைய போனில், கட்டாரில் வீட்டுவேலை செய்யும் மனைவி தனுஷாவின் குரல்பதிவை மூன்றாம் தடவையாக அழுத்தியதும்கூட நினைவிருந்தது. "மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டாம். நானும் ஓம் எண்டு சொல்லிட்டன். கோவிச்சுக்காதீங்க." அவ்வளவுதான் பதிவு. அந்த 'ஓம்' என்ற இடத்துக்கு முன்னால் அவள் சற்றுத் தயங்கினாளா, இல்லை மூச்சு வாங்கினாளா என்று அவன் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஹோர்ன் சத்தம் கேட்டது.

தலையை நிமிர்த்தினான். தண்டவாளத்தின் இரு பக்கமும் கேற் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி தூக்கியே நின்றன. பின்னால் பெட்டி கட்டிய ஸ்கூட்டர் ஒன்று தண்டவாளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கத்தினான், என்ன கத்தினான் என்பது அவனுக்கே தெரியவில்லை. ஸ்கூட்டர் ஒரு குதி குதித்து அந்தப் பக்கம் விழுந்ததும் ரயில் வந்ததும் ஒன்றாகவே நடந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு பார்த்தால், ஸ்கூட்டர்காரி நிலத்தில் குந்தியிருந்தாள். தேத்தண்ணிப் போத்தல் உருண்டு கிடந்தது, வடைகள் கிரவலில் சிதறியிருந்தன. அறுவடை நடக்கும் வயல் வட்டைகளுக்குப் பின்னேரத் தேத்தண்ணி கொண்டுபோகிற ஓட்டமாவடி றஸீனா. ஒவ்வொரு நாளும் அந்த வழியால் போகிறவள். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். எழுந்து, போத்தலைத் துடைத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் ஓடிப்போய்க் கேற்றை இறக்கினான். ரயில் போய்விட்ட வெறும் தண்டவாளத்துக்குக் கேற் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, "என்ன அண்ணன், இன்னுமொரு கோச்சி இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் அதைத் தூக்கினான்.

அன்றைக்கும் அடுத்த நாளும் பொலிஸ் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. அந்த இரண்டாம் நாள் பின்னேரம் றஸீனா வந்து, ஸ்கூட்டர் எஞ்சினை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல தம்பி. சொன்னா உங்கட வேல போகும். ஆனா வீட்ட போய், புள்ளயள் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டே இருந்தன். எனக்கு ஒண்டும் தொண்டையால இறங்கல்ல."

அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நினைத்தான்.

அந்தக் கேற் ஓட்டமாவடியைத் தாண்டி, புணாணைப் பக்கம் போகும் பாதையில், வயல்களுக்குப் பிரியும் கிரவல் ரோட்டில் இருந்தது. தகரக் கொட்டில் ஒன்று, மேசை, கதிரை, பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடி. நாளுக்கு ஆறேழு ரயில்தான். மிச்ச நேரமெல்லாம் வெயிலும் வயலும் அவனும். ஊர் கொக்கட்டிச்சோலை, இங்கே வாழைச்சேனையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். தனுஷா கட்டாருக்குப் போய் நான்கு வருடம். பிள்ளை இல்லை. வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவள், கூரை போட்ட பிறகு நிலத்துக்குச் சீமெந்து, பிறகு கிணற்றுக்குக் கட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடந்தது. லீவுக்குப் போனால் அவன் அதன் உள்ளே படுப்பதில்லை, விறாந்தையில்தான் படுப்பான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரயில் இல்லாத நேரத்திலும் அவனுக்கு ஹோர்ன் கேட்டது. போட்ட கேற்றைப் போட்டேனா என்று மூன்று தரம் போய்த் தொட்டுப் பார்த்தான். சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்துவிட்டு அப்படியே சுருட்டினான். ஆறாம் நாள் லீவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போனான். வரிசையில் தெரிந்தவர் யாரும் இருக்கக்கூடாதென்று தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி, அவன் சொன்னதை எழுதாமல் கேட்டாள்.

"மூச்ச எண்ணிப் பாருங்க. ஒண்டுல இருந்து பத்து வரைக்கும். இடையில மனசு ஓடும். ஓடிட்டு எண்டு தெரிஞ்ச உடன திரும்பக் கூட்டிக்கிட்டு வந்து ஒண்டுல தொடங்குங்க."

"ஓடாம வச்சிருக்க ஏலாதா டொக்டர்?"

"ஏலாது. எனக்கும் ஏலாது. திரும்பக் கூட்டிக்கிட்டு வாறதுதான் பயிற்சி. அதுக்காக உங்களயே ஏசாதீங்க, ஏசத் தொடங்கினா மறுகா அதுலயே போயிருவீங்க."

அவள் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னாள்.

கொட்டிலில் இருந்து எண்ணிப் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று வரும். மூன்றில் தனுஷாவின் மேடத்தின் முகம் எப்படியிருக்கும் என்ற யோசனை வரும். அவன் அந்த முகத்தைக் கண்டதே இல்லை. திரும்ப ஒன்று. நான்கில் கிரவலில் கிடந்த வடை வரும். முதல் கிழமை முழுக்க அவன் நான்கைத் தாண்டவில்லை. ஆனால் ஓடிப்போனதை முன்பைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்தான். முன்பெல்லாம் மனசு போனால், ஒரு ரயிலே வந்து போகிற நேரம் கழிந்திருக்கும்.

இரண்டாம் கிழமை ஒரு நாள், அழைப்பு வந்து போனை வைத்த பிறகும் கதிரையிலேயே இருந்தான். தன்னையறியாமல் அவன் உரத்துச் சொன்னான்: "போன் வந்திச்சு. கோச்சி ஸ்டேசனால வெளிக்கிட்டுட்டு. நான் எழும்புறன்." தன் குரலைத் தானே கேட்டபோது கால் எழும்பியது. "இந்தப் பக்கம் கேற் போட்டாச்சு. அந்தப் பக்கம் போறன். போட்டாச்சு. ரோட்டுல ஒருத்தரும் இல்ல. கொடி கையில இருக்கு. நான் இஞ்ச நிக்கிறன்." ரயில் போனது. அன்றைக்கு அவன் கேற்றைத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரயிலுக்கும் உரத்துச் சொன்னான். நாள் முழுக்க ஒருவரோடும் பேசாத வாய், அந்த நேரத்தில் மட்டும் திறந்தது. தன்னுடைய போனைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, கொட்டிலிலிருந்து நாற்பது அடி தள்ளி நின்ற வேம்பின் கவட்டில் வைத்துவிட்டு வந்தான்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. தனுஷாவுக்கு ஓய்வு கிடைப்பது அங்கே ஒன்றரைக்கு. இங்கே அது நாலு மணி. மேடம் படுத்தெழும்பும் அந்த அரை மணித்தியாலத்தில்தான் அவள் கதைப்பாள். நாலு மணி ரயில் நாலுக்கே வந்தால் பரவாயில்லை. ஆனால் அது மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வேப்ப மரத்தில் பெட்டி அதிர்வது அவனுக்குக் கேட்கும். அவன் போகமாட்டான். ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக இருக்கும். ஒரு நாள் எழுத்தில் அனுப்பியிருந்தாள்: 'நீங்களும் எடுக்காட்டி நான் இஞ்ச ஆரோட கதைக்கிற?'

இதற்கிடையில் றஸீனா ஒரு நாள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அன்றைக்கு முதல்தடவையாக ஒரு வடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"தம்பி, உங்கள ஆரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க. கேற்காரனுக்கு விசர், தனியக் கதைக்கிறான் எண்டு. ஊரெல்லாம் சுத்துது."

அவனுக்குக் காது சூடாயிற்று. "நான் நிப்பாட்டிருறன் ராத்தா."

"என்னத்துக்கு? நான் இதால போறவ. தூரத்துல வரக்குள்ளயே உங்கட சத்தம் கேக்கும். கேட்டாத்தான் நான் பயமில்லாம வாறன்." ஸ்கூட்டரை முறுக்கினாள். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

அவன் நிறுத்தவில்லை. கேற்றுக்கு முன்னால் நின்ற பெடியன்கள் அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னான்: "மூண்டு பேர் நிக்கிறாங்க. சிரிக்கிறாங்க. கேற் போட்டாச்சு."

அடுத்த லீவு நாளில், நாலு மணிக்கு, வாழைச்சேனை அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"இண்டைக்காவது எடுத்தீங்களே," என்றாள் தனுஷா.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். குரல்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தது, தூக்கி நின்ற கேற், றஸீனா நிலத்தில் குந்தியிருந்தது, கிளினிக், வேப்ப மரம். அவளைக் குற்றம் சொல்வதாக வந்துவிடக்கூடாதென்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துச் சொன்னான். வேலை நேரத்தில் இனி எடுக்கமாட்டேன் என்றும் சொன்னான்.

அந்தப் பக்கம் அவள் பைப்பைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க தனியக் கதைக்கிறீங்களா இப்ப?"

"ஓம். என்ன செய்யிறன் எண்டு சொல்லிச் சொல்லிச் செய்யிறன். அப்பதான் மனசு நிக்குது."

"ரெண்டு வருசத்துக்கு ஓம் எண்டு சொன்னது நான் ஆசப்பட்டு எண்டு நினைக்கிறீங்களா?"

"தெரியா தனு," என்றான். அவள் அழைப்பை வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. வேப்ப மரம் சும்மா நின்றது. அவன் மூச்சை எண்ணினான். ஒரு நாள் ஏழு வரை போனான். அதைச் சொல்ல ஒருவரும் இல்லையே என்ற நினைப்பில் எட்டு தவறிப்போயிற்று.

பத்தாம் நாள் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது குரல்பதிவு ஒன்று இருந்தது. நாலரை நிமிடம். அவள் இவ்வளவு நீளத்துக்கு ஒருநாளும் அனுப்பியதில்லை. மரத்தடியில் வைத்துக் கேட்கத் துணிவு வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓட்டமாவடிப் பாலத்தடிக்கு வந்து, வாவிக்கரையில் இறங்கி நின்று அழுத்தினான். எதிர்க்கரை மங்கிக்கொண்டிருந்தது.

பேர் சொல்லி அழைக்காமல், சுகம் கேட்காமல், அவள் நேரே தொடங்கினாள். "இப்ப கோப்ப கழுவுறன். தண்ணி சுடுது. இது ஆறாவது கோப்ப." பைப்புத் தண்ணியின் சத்தம். "முடிஞ்சுது. கையத் துடைக்கிறன்." நான்கைந்து காலடிகள் கேட்டன. "யன்னலுக்குக் கிட்ட நிக்கிறன். வெளிய ஒருத்தரும் இல்ல. வெயில். இப்ப அழுறன்." மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். "இப்ப இல்ல. தண்ணி குடிக்கிறன்." பிறகு எங்கோ தூரத்தில் மணியடித்தது. "கதவுல ஆரோ. நான் போய்த் திறக்கப் போறன்."

காலடிகள் விலகிப் போயின. பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். ஒரு கதவு திறந்தது, தெரியாத பாஷையில் ஒரு குரல், கதவு மூடிக்கொண்டது. பிறகு, ஒருவருமில்லாத அந்தக் குசினியில் பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. முழுக்கப் பூட்டாத பைப்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. உதயரூபன் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அது தானாக முடியும்வரை அந்தக் குசினிக்குள் நின்றான்.