மெல்பிரிட்ஜ்காரி

உலை கொதித்துக்கொண்டிருந்தபோது என் தங்கை சுபானி மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் உரிக்கிறாளாக்கும் என்று திரும்பிப் பார்த்தால் கையில் போன். "அக்கா, மெல்பிரிட்ஜ் எரிஞ்சு போச்சு" என்றாள். அடுப்பை அணைத்தேன். அவளுடைய புருஷன் தபோதரன் இங்கிலாந்தில் அந்தச் சின்ன ஊரில்தானே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறான்! "எப்பயடி?" "ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில. தானியச் சந்தை முழுக்கச் சாம்பலாம். சனம் விதைக் கோதுமையும் இல்லாமல் நிண்டதாம்." அகப்பையால் ஒன்று போடத்தான் எனக்குக் கை வந்தது.

எல்லாம் என் மனிசன் குணசேகரத்தார் செய்த வேலை. இங்கிலாந்து விசாவுக்கு ஆங்கிலம் பேசிக் காட்டுகிற பரீட்சைக்கு டுசில்டோர்வ் நகரத்தில் சுபானிக்கு டெர்மின், அதுதான் நாள், கிடைத்தது. இவர் ஜெர்மன் குடியுரிமைப் பரீட்சை எழுதின பெரிய மனிதர் அல்லவா, வாயைத் திறந்தார். "எங்களிட்ட நாங்கள் இருக்கிற மாநிலத்தைப் பற்றியும் கேட்டவங்கள். இங்கிலீஸ்காரன் ஊரைப் பற்றிக் கேக்காமல் விடுவானோ?" அன்று பிடித்தது அவளுக்கு இந்தப் பைத்தியம். ராசா வியாழக்கிழமைச் சந்தைக்கு உத்தரவு கொடுத்தது, வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனது, ரயில் பாதை பக்கத்து ஊருக்குப் போனதால் கம்பளி வியாபாரிகள் கடையைப் பூட்டினது, எல்லாம் அவளுக்குப் பாடம். வேலை செய்கிற ஹோட்டலில் படுக்கை விரிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்குமாம்.

கலியாணம் முடிந்து தபோதரன் இங்கே எங்களோடு வுப்பர்டாலில் நின்றது இரண்டு கிழமை. பிறகு போனில்தான் குடித்தனம். அவன் பாவம், வேலை முடிந்து தூங்கி வழிகிற முகத்தோடு வருவான். அவன் இருக்கிற ஊரின் கதையை இவள் அவனுக்குச் சொல்வாள். "பரீட்சைக்கு இவ்வளவும் காணுமடி" என்றேன் ஒருநாள். "பரீட்சைக்கில்லையக்கா. வாசிக்கேக்க அந்தத் தெருவால நடந்து போறன். எந்தக் காலமெண்டாலும் பரவாயில்லை, அந்த ஊருக்குள்ள நிண்டால் போதும்." நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

டெர்மின் அன்று லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். வெளியே வந்தவளின் முகத்தில் இரத்தமே இல்லை. ரயில் ஸ்டேஷன் வரை எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். பிளாட்போமில் நிற்கும்போது தபோதரன் வீடியோவில் வந்தான்.

"என்ன கேட்டவை? சந்தையைக் கேட்டவையோ?"

"இல்லை. யாரோட இருக்கிறீங்கள் எண்டு கேட்டவ."

"அக்காவோட எண்டு சொன்னீர்தானே?"

"என்ர மனிசனோட எண்டு சொல்லிப்போட்டன்." அவள் பையைக் கீழே வைத்தாள். "எங்க எண்டு கேட்டா. மெல்பிரிட்ஜ் எண்டன். வீட்டுக்குப் பின்னால ஆறு ஓடுது, வியாழக்கிழமையில ரெண்டு பேருமாச் சந்தைக்குப் போறனாங்கள், எல்லாம் சொன்னன். அந்த மனிசி எழுதிக்கொண்டே இருந்தவ."

"அடி விசரி!" என்று கத்திவிட்டேன். "அங்க இருக்கிறனெண்டால் பிறகென்னத்துக்கடி உனக்கு விசா?"

"பொய் சொல்ல நினைக்கேல்லையக்கா. வாயில அதுதான் வந்தது."

தபோதரன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு, "ஆறு பின்னால இல்லையப்பா, முன்னால" என்றான். எழுந்துபோய் யன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினான். படம் ஆடி ஆடி நின்றது. சாம்பல் நிறத் தண்ணீர், கரையில் கட்டின ஒரு சின்ன வள்ளம்.

"தெரியுதோ?"

"ஓம்."

வுப்பர்டால் ரயில் வந்து கதவு திறந்தது. அவளுடைய பையைத் தூக்கினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ பதிச்சுக் காட்டுங்கோ" என்றாள் போனிடம். கதவு மூடி, ரயில் போய்விட்டது.